பக்கவாதத்திற்குப் பிந்தைய மனச்சோர்வும் தேநீரும்

பக்கவாதத்திற்குப் பிந்தைய மனச்சோர்வு என்பது, மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ மூளையினுள் குருதி கசிவதாலோ ஏற்படும் பக்கவாதத்தைத் தொடர்ந்து நோயாளியிடம் தோன்றும் உளநோய் நிலையாகும். பக்கவாதத்திலிருந்து உயிர் பிழைத்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்நிலைக்கு உள்ளாகின்றனர். தேநீர் அருந்தும் பழக்கம் இம்மனச்சோர்வைத் தணிக்கக்கூடுமா என்ற வினா அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளது. தேயிலையிலுள்ள சில சேர்மங்கள் மூளையில் செயற்படுவதும், தேநீர் அருந்துவோரிடையே மனச்சோர்வு குறைவாகக் காணப்படுவதும் இவ்வினாவிற்கு அடிப்படையாக உள்ளன. எனினும் இந்நோய்க்குத் தேநீர் ஒரு மருந்து என்று இதுவரை நிறுவப்படவில்லை.

பெயர்

தமிழகத்தில் பக்கவாதம் என்றும் இலங்கையில் பாரிசவாதம் என்றும் வழங்கும் சொற்கள் உடலின் ஒரு பக்கம் செயலிழத்தலையே குறிக்கின்றன. ஆனால் கை, கால் செயலிழக்காமல் பேச்சோ பார்வையோ நினைவோ மட்டும் பாதிக்கப்படும் மூளைத்தாக்குகளும் உண்டு. இக்கட்டுரையில் பக்கவாதம் என்ற சொல் அவை அனைத்தையும் உள்ளடக்கியே ஆளப்படுகிறது. அதேபோல், பேச்சுவழக்கில் மன அழுத்தம் என்று கூறப்படுவது இரு வேறு நிலைகளைக் குறிப்பதுண்டு. வேலைப்பளு போன்றவற்றால் உண்டாகும் தற்காலிக நெருக்கடி ஒன்று. வாரக்கணக்கில் நீடித்து, வாழ்வின் மீதுள்ள நாட்டத்தையே பறிக்கும் நோய் மற்றொன்று. இங்கு மனச்சோர்வு எனப்படுவது பின்னதாகும்.

நோயின் தன்மை

தொடர்ந்த துயரம், முன்பு விரும்பிய செயல்களில் ஈடுபாடின்மை, உறக்கக் குறைவு அல்லது மிகை உறக்கம், பசியின்மை, களைப்பு, தன்னைப் பயனற்றவராக எண்ணுதல், சாவைப் பற்றிய எண்ணங்கள் ஆகியன இதன் அறிகுறிகள். பக்கவாத நோயாளிகளிடம் இவற்றை அடையாளம் காண்பது எளிதன்று. களைப்பும் உறக்கக் கேடும் மூளைப் பாதிப்பினாலேயே வரக்கூடியவை. "கை கால் விழுந்துவிட்டது, துக்கம் இருக்கத்தானே செய்யும்" என்று குடும்பத்தினர் கருதி விட்டுவிடுவது ஒருபுறம். பயிற்சி செய்ய மறுப்பவரைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ கடிந்துகொள்வது மறுபுறம். இரண்டிலும் நோய் கவனிக்கப்படாமற் போகிறது.

பேச்சிழப்பு உள்ளவர்களின் நிலை இன்னும் கடினமானது. மனச்சோர்வை அளவிடும் வினாத்தாள்கள் பெரும்பாலும் நோயாளியின் விடையையே நம்பியுள்ளன. விடை சொல்ல இயலாதவருக்காக, அவரைப் பராமரிப்பவர் கண்டறிந்தவற்றைக் கொண்டு நிரப்பப்படும் தனி வினாத்தாள் 1990களில் பிரித்தானியாவில் உருவாக்கப்பட்டது. காரணமின்றிச் சட்டென அழுவதும் சிரிப்பதும் சில நோயாளிகளிடம் காணப்படும். இது உணர்ச்சியை வெளிப்படுத்தும் நரம்புப் பாதையின் கட்டுப்பாடு குலைவதால் நிகழ்வது, மனச்சோர்வன்று. எனினும் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம்.

மனச்சோர்வு உள்ளவர் உடற்பயிற்சிகளில் பங்குகொள்வது குறைகிறது, மருந்துகளை ஒழுங்காக உட்கொள்வது தவறுகிறது, இழந்த இயக்கங்கள் மீள்வது தாமதமாகிறது. பக்கவாதத்திற்குப் பின் மனச்சோர்வு கொண்டோரிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. தற்கொலை இடரும் அதிகரிக்கிறது. ஆகவே, எளிதில் கிடைக்கும் ஒரு பானம் இதில் சிறிதளவேனும் பயன்படுமா என்ற வினா அற்பமான ஒன்றன்று. அதே காரணத்தால், பயன்படும் என்று அவசரப்பட்டு முடிவு செய்வதும் தீங்கானது.

காரணங்கள்

அமெரிக்க உளநோய் மருத்துவர் ராபர்ட் ராபின்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1980களில் முன்வைத்த கருத்தின்படி, மூளையின் இடது முன்பகுதியில் ஏற்படும் சேதமே மனச்சோர்வுடன் நெருங்கிய தொடர்புடையது. இக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கியது. 2000 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, சேதமுற்ற இடத்துக்கும் மனச்சோர்வுக்கும் அத்தகைய உறுதியான தொடர்பு இல்லை என்று கண்டது.

இன்று ஒரே காரணத்தைத் தேடுவதைக் காட்டிலும் பல காரணங்களின் கூட்டு விளைவாகவே இந்நோய் நோக்கப்படுகிறது. செரட்டோனின், நோரட்ரினலின், டோப்பமின் ஆகிய நரம்புக்கடத்திகளைச் சுமக்கும் நரம்பிழைகள் மூளைத் தண்டிலிருந்து பெருமூளை வரை நீள்கின்றன. பக்கவாதம் அவற்றை இடையில் அறுத்துவிடலாம். குருதியின்றி மடியும் திசுவைச் சுற்றி அழற்சி உண்டாகி, சைட்டோகைன்கள் எனப்படும் புரதங்கள் பெருகுகின்றன. கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரின் சுரப்பு ஒழுங்கு மாறுகிறது. குளுட்டமேட் என்ற நரம்புக்கடத்தி அளவுக்கு மீறி வெளிப்பட்டு நரம்பணுக்களைத் தாக்குகிறது. இவற்றோடு, நேற்றுவரை தானே செய்த வேலைகளுக்கு இன்று பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை, வருமான இழப்பு, தனிமை ஆகியவையும் சேர்கின்றன.

வழக்கிலுள்ள மருத்துவம்

செரட்டோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்துகளும் உளவழிச் சிகிச்சைகளும் இந்நோய்க்கு வழங்கப்படுகின்றன. இம்மருந்துகளுள் ஒன்றான ஃபுளுவொக்செட்டினைப் பக்கவாத நோயாளிகள் அனைவருக்கும் முன்கூட்டியே கொடுத்தால் என்ன என்பதைப் பிரித்தானியாவில் 3,127 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'ஃபோகஸ்' ஆய்வு சோதித்தது. அதன் முடிவு 2019 இல் லான்செட் இதழில் அச்சாயிற்று. ஆறு மாதங்களில் மருந்து பெற்றவர்களுள் சுமார் 13 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றவர்களுள் சுமார் 17 விழுக்காட்டினருக்கும் புதிதாக மனச்சோர்வு தோன்றியது. ஆனால் உடலியக்க மீட்சியில் வேறுபாடில்லை. எலும்பு முறிவோ, மருந்து பெறாதவர்களிடம் இருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. எனவே மனச்சோர்வு உறுதியானவருக்கு மருந்து தருவது வேறு, அனைவருக்கும் முன்தடுப்பாகத் தருவது வேறு என்பது தெளிவாயிற்று. பக்கவிளைவு குறைந்த துணை வழிகளைத் தேடும் ஆர்வத்துக்கு இத்தகைய முடிவுகளும் ஒரு காரணம் எனலாம்.

தேயிலையில் உள்ளவை

பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், ஊலாங் தேநீர் ஆகிய யாவும் கமேலியா சினென்சிசு என்ற ஒரே தாவரத்தின் இலைகளிலிருந்து பெறப்படுபவை. பறித்த இலையை உடனே சூடேற்றி, நொதிகளின் செயலை நிறுத்தினால் பச்சைத் தேயிலை; இலையை நசுக்கி ஆக்சிசனேற்றம் முழுமையாக நிகழவிட்டால் கறுப்புத் தேயிலை. செம்பருத்தி, துளசி, இஞ்சி முதலியவற்றைக் கொதிக்கவைத்துப் பெறும் பானங்களும் தேநீர் என்றே விற்கப்படுகின்றன. தேயிலை பற்றிய ஆய்வு முடிவுகள் அவற்றுக்குப் பொருந்தா.

மனநிலை தொடர்பில் மூன்று வகைச் சேர்மங்கள் முதன்மை பெறுகின்றன.

முதலாவது தியானின். இது 1949 இல் ஜப்பானில் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம். பிற உணவுகளில் இது மிக அரிதாகவே காணப்படுகிறது. தேயிலைச் செடி இதனை வேரில் உருவாக்கி இலைக்கு அனுப்புகிறது. வெயில் படும் இலையில் தியானின் குறைந்து கேட்டெச்சின்கள் கூடுகின்றன. ஜப்பானில் கியோக்குரோ, மட்சா ஆகிய தேயிலைகளுக்காகப் பறிப்புக்குச் சில வாரங்கள் முன்பே செடிகளை நிழலிட்டு மறைப்பது இதனாற்றான். அத்தேநீரின் இனிமை கலந்த சுவைக்குத் தியானினே பெரிதும் காரணம். இச்சேர்மம் குருதி மூளைத் தடுப்பைக் கடக்க வல்லது. இதனை உட்கொண்ட பின் மூளை மின்னலைப் பதிவுகளில், விழிப்புடன் கூடிய அமைதியைக் குறிக்கும் ஆல்ஃபா அலைகள் மிகுவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. அமைப்பில் இது குளுட்டமேட்டை ஒத்தது. குளுட்டமேட் ஏற்பிகளில் வலுவற்ற முறையில் ஒட்டிக்கொள்வதால், குளுட்டமேட்டின் தாக்குதலை ஓரளவு தணிக்கக்கூடும் என்ற எண்ணம் எழுந்தது. மூளைக்குக் குருதி தற்காலிகமாக நிறுத்தப்பட்ட செர்பில் எனும் கொறி விலங்குகளில், முன்னதாகத் தியானின் செலுத்தப்பட்டவற்றில் நரம்பணு இறப்பு குறைந்ததை 2000 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவ்வாய்வில் தியானின் நேரடியாக மூளையறையினுள் செலுத்தப்பட்டது. வாய் வழியே அருந்தும் தேநீரிலிருந்து இது வெகு தொலைவில் உள்ளது.

இரண்டாவது பல்பீனால்கள். பச்சைத் தேநீரில் கேட்டெச்சின்களும், கறுப்புத் தேநீரில் அவை ஒன்றுசேர்ந்து உருவாகும் தியாஃபிளேவின்களும் தியாரூபிசின்களும் இவ்வகையின. ஆய்வுக்கூடத்தில் இவை அழற்சியைக் குறைக்கின்றன. எலிகளிடம் மனச்சோர்வை ஒத்த நடத்தைகளையும் குறைக்கின்றன. மனித உடலில் இவற்றின் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்படுகின்றது. அச்சிதைவுப் பொருட்கள் மூளையைப் பாதிக்கும் விதம் இன்றைய ஆய்வுக்களங்களுள் ஒன்று.

மூன்றாவது காஃபீன். அடினோசின் ஏற்பிகளை மறித்து விழிப்பைத் தருவது இது.

அளவு என்னும் சிக்கல் இவ்விடத்தில் எழுகிறது. தியானின் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் நாளொன்றுக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை கொடுக்கப்படுகிறது. வழக்கமான ஒரு குவளைத் தேநீரில் 25 மில்லிகிராம் இருந்தாலே அது மிகுதி. அதாவது, வில்லையில் உள்ள அளவைத் தேநீரில் பெற வேண்டுமானால் பத்துக் குவளையோ அதற்கு மேலோ அருந்த வேண்டியிருக்கும். அப்போது காஃபீனும் அதே மடங்கில் உடலுக்குள் செல்லும். தியானின் வில்லை குறித்த செய்திகளைத் தேநீரின் பெருமையாக எடுத்துரைப்பது இதனால் பிழையாகும்.

மக்களிடையே நடந்த ஆய்வுகள்

ஜப்பானின் மியாகி மாநிலத்தில் 40 முதல் 79 வயது வரையான 40,530 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஒசாக்கி ஆய்வின் முடிவு 2006 இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு ஐந்து குவளையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் அருந்தியவர்களிடையே இதய, குருதிக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு குறைவாக இருந்தது. இக்குறைவு பக்கவாத இறப்புகளில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. 2009 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, பச்சையோ கறுப்போ, நாளொன்றுக்கு மூன்று குவளையோ அதற்கு மேலோ அருந்துவோருக்குப் பக்கவாத இடர் சுமார் 21 விழுக்காடு குறைவு என்றது.

மனச்சோர்வைப் பொறுத்தவரை, 2009 இல் வெளியான மற்றொரு ஜப்பானிய ஆய்வு 70 வயதும் அதற்கு மேலுமான 1,058 பேரை நோக்கியது. நாளும் நான்கு குவளையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் அருந்தியவர்களிடம், ஒரு குவளையோ அதற்குக் குறைவாகவோ அருந்தியவர்களைக் காட்டிலும் மனச்சோர்வு அறிகுறிகள் காணப்படும் வாய்ப்பு 44 விழுக்காடு குறைவாக இருந்தது. பின்லாந்தில் பொதுமக்களிடையே நடந்து 2005 இல் வெளியான ஆய்விலும், நாள்தோறும் தேநீர் அருந்துவோரிடம் மனச்சோர்வு குறைவாகவே காணப்பட்டது. பின்லாந்து மக்கள் தேநீரைவிடக் காப்பியையே பெரிதும் அருந்துபவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பக்கவாதம் வந்தவர்களையே தனியாக நோக்கியது, 2021 இல் வெளியான மற்றொரு ஜப்பானியத் தொடர் கண்காணிப்பு ஆய்வு. அதில் 478 பேர் பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்கள். அவர்களுள் நாளொன்றுக்கு ஏழு குவளையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் அருந்தியவர்களிடம், அறவே அருந்தாதவர்களைவிட இறப்பு இடர் 62 விழுக்காடு குறைந்திருந்தது. இது அளவிட்டது இறப்பை, மனச்சோர்வை அன்று.

இம்முடிவுகளின் வலிமையும் குறையும்

மேற்கூறியவை யாவும் கூர்நோக்கு ஆய்வுகள். இவற்றில் தேநீர் அருந்துவதும் மனச்சோர்வின்மையும் ஒருங்கே காணப்படுகின்றன. ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்பது இவற்றால் பெறப்படுவதில்லை. மனச்சோர்வு உள்ளவருக்குப் பசியும் குறையும், பானங்களில் நாட்டமும் குறையும். அவர் நாளுக்கு ஒரு குவளை மட்டும் அருந்துவது நோயின் காரணமாக இல்லாமல் அதன் விளைவாக இருக்கலாம். ஜப்பானிய முதியோர் ஆய்வில் இரண்டும் ஒரே காலத்தில் அளவிடப்பட்டதால் இவ்வையத்தை நீக்க வழியில்லை. நாளும் ஏழு குவளை தேநீர் அருந்தும் பக்கவாத நோயாளி எப்படிப்பட்டவர் என்பதும் எண்ணத்தக்கது. அவரால் விழுங்க முடிகிறது. தேநீர் போட்டுத் தர வீட்டில் ஆள் இருக்கிறார், அல்லது தாமே எழுந்து போட்டுக்கொள்ள முடிகிறது. அடிக்கடி கழிப்பறைக்குச் செல்லவும் இயல்கிறது. இவ்வனைத்தும் தேநீரைத் தவிர்த்துப் பார்த்தாலும் நல்ல உடல்நிலையின் அடையாளங்களே. ஆய்வாளர்கள் கணக்கியல் முறையில் இவற்றைச் சரிசெய்ய முயல்கின்றனர். முழுமையாகச் சரிசெய்துவிட இயலாது.

சோதனை முறை ஆய்வுகள் சிலவே. இலண்டனில் 75 நலமான இளம் ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஆறு வாரங்கள் ஒரு குழுவுக்குக் கறுப்புத் தேயிலைப் பொருளும் மற்றதற்கு நிறம், சுவை, காஃபீன் ஆகியவற்றில் ஒத்த போலித் தேநீரும் தரப்பட்டன. பின்னர் இருசாராருக்கும் நெருக்கடி தரும் பணிகள் கொடுக்கப்பட்டன. நெருக்கடியின்போது இரு குழுவினரும் ஒரே அளவில் பதற்றமடைந்தனர். ஆனால் 50 நிமிடங்களுக்குப் பின் கார்ட்டிசோல் அளவு தேநீர்க் குழுவில் 47 விழுக்காடும் மற்றதில் 27 விழுக்காடும் இறங்கியிருந்தது. 2007 இல் வெளியான இவ்வாய்வு போலித் தேநீரைப் பயன்படுத்தியதால் மதிப்புடையது. ஆயினும் அதில் பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லர். ஜப்பானில் மனச்சோர்வு நோயாளிகள் 20 பேருக்கு எட்டு வாரங்கள் நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் தியானின் தரப்பட்டபோது அறிகுறிகள் குறைந்ததாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. தரப்படுவது யாது என்பது நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. மனச்சோர்வு காலப்போக்கில் தானாகவும் குறையக்கூடியது ஆதலால் இதைக்கொண்டு முடிவு கூறுதல் கடினம்.

ஆகவே, பக்கவாத நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு சாராருக்குத் தேநீரும் மறு சாராருக்குப் போலித் தேநீரும் தந்து மனச்சோர்வை அளவிடும் பெரிய ஆய்வே இவ்வினாவுக்கு விடை தரக்கூடியது. அதுவரை மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதித்தந்த மருந்தை நிறுத்திவிட்டுத் தேநீரை நம்புவதற்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை.

பால் சேர்த்தல்

ஜப்பானிய ஆய்வுகளில் வரும் தேநீர் பாலும் சருக்கரையும் சேராதது, குவளையும் சிறியது. தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் கிடைப்பதோ பாலில் கலந்து சருக்கரை இட்ட கறுப்புத் தேநீர். பெர்லினில் 16 பெண்களிடம் நடந்து 2007 இல் வெளியான சிறிய ஆய்வில், கறுப்புத் தேநீரால் குருதிக்குழாய்களுக்குக் கிடைத்த விரிவுத்திறன், பால் சேர்த்தபோது கிடைக்கவில்லை. பாலிலுள்ள கேசின் புரதம் கேட்டெச்சின்களைப் பிணைத்துக்கொள்வது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மனநிலையின் மீது பாலின் விளைவு இவ்வாறே இருக்கும் என்று இதிலிருந்து கொள்வதற்கில்லை. சருக்கரையைப் பொறுத்தவரை ஐயம் குறைவு: பக்கவாத நோயாளிகளுள் நீரிழிவு உள்ளோர் பலர், அவர்கள் நாளுக்கு நான்கைந்து முறை சருக்கரையிட்ட தேநீர் அருந்தினால் வரும் கேடு, எதிர்பார்க்கும் நன்மையை விஞ்சும்.

கவனிக்க வேண்டியவை

பக்கவாதம் வந்த முதல் நாட்களில் நோயாளிகளுள் பெரும்பங்கினருக்கு விழுங்கற்குறைபாடு காணப்படும். அவர்களுக்குச் சோற்றைவிட ஆபத்தானவை நீரும் தேநீரும் போன்ற நீர்த்த பானங்கள். அவை தொண்டையில் விரைந்து வழிந்து மூச்சுக்குழலுக்குள் புகுந்து நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். விழுங்கும் திறன் சோதிக்கப்படும் முன் அன்பின் மிகுதியால் ஒரு வாய் தேநீர் ஊட்டுவது உயிருக்கே தீங்காக முடியக்கூடும். சோதனைக்குப் பின் சிலருக்கு, கெட்டிப்படுத்தும் மாவு கலந்த பானங்களே பரிந்துரைக்கப்படும். தேநீரையும் அவ்வாறு கெட்டியாக்கித் தரலாம்.

உணர்ச்சி குன்றிய கை சூட்டை அறியாது. உதடும் நாவும் மரத்திருப்பின் கொதிக்கும் தேநீர் வாயைச் சுட்டுவிடும். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016 இல் வகைப்படுத்தியது. எனவே ஆறவிட்டு அருந்துவது எல்லோருக்குமே ஏற்றது.

குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உட்கொள்வோர் பச்சைத் தேநீரைப் பேரளவில் அருந்துவதும், திடீரெனத் தொடங்குவதும் நிறுத்துவதும் நன்றன்று. தேயிலையில் வைட்டமின் கே உண்டு. வடித்த தேநீரில் அது சிறிதே. இலையை அரைத்து அப்படியே கலக்கும் மட்சாவில் கூடுதல். குருதி அழுத்தத்துக்கான நடோலால் என்ற மருந்தைப் பச்சைத் தேநீருடன் உட்கொண்டால், குருதியில் அம்மருந்தின் அளவு பெரிதும் குறைந்துவிடுவதை 2014 இல் ஜப்பானில் நடந்த ஆய்வு காட்டியது. தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. குருதிச்சோகை உள்ளோர் உணவோடு சேர்த்து அருந்தாமல் இடைவெளி விடுவது வழக்கம். மாலைக்குப் பின் அருந்தும் தேநீர் உறக்கத்தைக் கெடுத்தால் அது மனச்சோர்வை மேலும் கூட்டும்.

பச்சைத் தேயிலைச் சாற்றை வில்லைகளாக உட்கொள்வது தேநீர் அருந்துவதற்கு ஒப்பானதன்று. வில்லைகள் வழியே நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டெச்சினை உட்கொள்ளுதல் கல்லீரல் சேதத்தின் அறிகுறிகளை உண்டாக்கலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் தெரிவித்தது.

தேநீர் தயாரித்தல் ஒரு பயிற்சியாக

வேதிப்பொருட்களுக்கு அப்பால், தேநீருக்குப் பக்கவாத மருத்துவத்தில் வேறோர் இடம் உண்டு. பிரித்தானிய மருத்துவமனைகளில் செயல்வழிச் சிகிச்சையாளர்கள் நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் சமையலறையில் ஒரு குவளை தேநீர் போடச் சொல்லிப் பார்ப்பதுண்டு. நீரை நிரப்புதல், சூடாக்குதல், தேயிலை இடுதல், பால் ஊற்றுதல், கலக்குதல் என்னும் இச்சிறு வேலையில் ஒழுங்குமுறை, நினைவு, இரு கைகளின் ஒத்துழைப்பு, சூட்டைப் பற்றிய எச்சரிக்கை ஆகிய அனைத்தும் வெளிப்படுகின்றன. சில நோயாளிகள் கையில் வலுவிருந்தும், செயலின் படிகளை மறந்து வெறும் குவளையைக் கலக்குவர். அல்லது நீரூற்றாமலே கெண்டியை இயக்குவர். ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 2010களில் நடந்த 'காக்வாச்' திட்டம், உணரிகள் பொருத்திய பாத்திரங்களைக் கொண்டு தேநீர் தயாரிக்கும் நோயாளியைக் கண்காணித்து, தவறிய படியைச் சுட்டிக்காட்டும் கருவியை உருவாக்க முயன்றது.

மனச்சோர்வுக்கான உளவழிச் சிகிச்சைகளுள் ஒன்று, நோயாளிக்கு விருப்பமான சிறு செயல்களை நாளின் ஒழுங்கில் மீண்டும் இடம்பெறச் செய்வது. பேச்சிழப்பும் மனத்தளர்வும் உள்ள 105 பக்கவாத நோயாளிகளிடம் இவ்வகைச் சிகிச்சையைச் சோதித்த பிரித்தானிய ஆய்வு 2013 இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றோரின் மனநிலை மேம்பட்டதை அது காட்டியது. குறித்த நேரத்தில் எழுந்து அமர்ந்து, தாமே போட்ட தேநீரை மற்றொருவரோடு அருந்துவது அத்தகைய செயல்களுள் ஒன்றாக அமையக்கூடும். அப்போது குவளையில் இருப்பது தேநீரா, காப்பியா, சுக்கு நீரா என்பது அவ்வளவு முதன்மையானதன்று.